ஊர் வானொலியில் ஒரு மணி நேரம்: யாரிடம் போய் எதைக் கேட்பது?

உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் தருகிறார்கள். "நம்ம ஊர்ப் பண்பாடு, மக்கள் வாழ்க்கை" என்று ஒரு பேச்சு நிகழ்ச்சி நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். எல்லார் கையிலும் யூடியூப் இருக்கும்போது இதை யார் கேட்பார்கள், வாராவாரம் ஒரு மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி மாதிரி தெரிகிறது. எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது? முதலில் அந்தத் தயக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் பின்னால் வரும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நான் சொல்வதை எதுவரை எடுத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அகில இந்திய வானொலியில் ஏழு ஆண்டுகள் தற்காலிக அறிவிப்பாளராக இருந்தேன். அப்புறம் பன்னிரண்டு ஆண்டுகளாக நாகை மாவட்டக் கடற்கரையோரம் ஒரு சின்ன சமுதாய வானொலியில் ஊர் நிகழ்ச்சி தயாரிக்கிறேன். முதல் இடத்தில் கற்றதில் பாதியை இரண்டாவது இடத்தில் மறக்க வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது கடற்கரையும், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையும்தான். மலையூருக்கோ பெருநகரத்துக்கோ இது அப்படியே பொருந்தாமல் போகலாம். நீங்களும் டெல்டாக்காரர் என்று எழுதியிருப்பதால் துணிந்து சொல்கிறேன்.

யார் கேட்பார்கள்? நான் சின்ன வயதில் இருந்தபோது எங்கள் கரையில் எல்லா வீட்டிலும் இலங்கை வானொலிதான். கோடியக்கரையில் நின்றால் யாழ்ப்பாணம் திருச்சியை விடப் பக்கம், ஒலி அவ்வளவு தெளிவாக வரும். பாட்டுக்காகத்தான் கேட்டோம் என்று இப்போது எல்லாரும் சொல்வார்கள். பாட்டும்தான். ஆனால் பிறந்தநாள் வாழ்த்துகளும் மரண அறிவித்தல்களும் வரும்போது என் பாட்டி உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்து கேட்பார். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று வாசிப்பார்கள். அந்த ஊர்களைப் பாட்டி பார்த்ததே இல்லை. "பாவம், எத்தன புள்ளைங்களோ" என்பார். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்கே அப்படி என்றால், அந்த ஊர்ப் பெயர் சொந்த ஊராக இருந்தவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான். தெரிந்த ஊர், தெரிந்த பெயர், தெரிந்த குரல் வந்தால் காது திரும்பும். யூடியூபில் உலகமே இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெரிய வாய்க்காலில் மதகு திறக்கும் லஸ்கர் அதில் இல்லை.

வானொலி ஊர்ப் பேச்சைப் பேசினால் ஊர் அதைக் கையில் எடுத்துக்கொள்ளும் என்பதற்கு டெல்டாவிலேயே பழைய சான்று இருக்கிறது. திருச்சி நிலையம் 1939 மே 16 முதல் ஒலிபரப்புகிறது. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல்லைப் பற்றித் தஞ்சை உழவர்கள் வானொலியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வந்துவிட்டது. ஆடுதுறை நெல் ஆய்வு நிலையம் வைத்த எண்ணை விட்டுவிட்டு, எங்கே கேட்டார்களோ அந்தப் பெயரை ஊர் வைத்துக்கொண்டது. அப்புறம் 1984இல் நாகர்கோவிலில் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் வந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் காற்றலை பொதுச் சொத்து என்றது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் சமுதாய வானொலி தொடங்கியது. 2006 வரை கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே உரிமம் கிடைத்தது, அந்த ஆண்டுதான் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் மீனவர்களுக்காகக் கடல் ஓசை 90.4 ஒலிக்கிறது. இன்று நாடு முழுவதும் ஏறக்குறைய 500 சமுதாய வானொலிகள் இருக்கின்றன. நீங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே வெட்டிய வாய்க்காலில்தான் தண்ணீர் விடப் போகிறீர்கள்.

சரி, எதைப் பேசுவது? இங்கேதான் புதிதாக வருபவர்கள் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன். முதல் ஆண்டில் வேதாரண்யம் பக்கம் ஒரு உப்பளத்துக்குப் போய், முப்பது வருடமாக உப்பு வாரும் ஓர் அம்மாவிடம் மைக்கை நீட்டி, "உப்பளத் தொழிலாளர்களின் பண்பாடு பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் பக்கத்தில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு 1930 உப்புச் சத்தியாகிரகத்திலிருந்து ஆரம்பித்தார். ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்தது எனக்கும் தெரியும், கேட்பவர்களுக்கும் தெரியும். பத்து நிமிடம் பதிவு செய்து முடித்து மைக்கை மூடினேன். போகிற போக்கில், உப்பு வாரும் பலகையைக் கையில் பிடித்து நின்ற அந்த அம்மாவிடம், "இந்தப் பலகையை யார் செஞ்சதுக்கா?" என்று கேட்டேன். அப்போதுதான் பேச ஆரம்பித்தார். கைப்பிடி அவருடைய உயரத்துக்கு அளந்து வெட்டியது, வேறு ஆள் பிடித்தால் இடுப்பு வலிக்கும். அதை வெட்டிக் கொடுத்த வீட்டுக்காரர் இறந்து ஆறு வருடம். பலகை மூன்று முறை மாற்றியாகிவிட்டது, கைப்பிடியை மாற்றவில்லை. மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் கோடை மழை பெய்து பாத்தி முழுக்கக் கரைந்தது, அந்தக் கூலி கைக்கு வரவில்லை, பக்கத்துப் பாத்திக்காரி தாலிக்குக் காசு கொடுத்தாள். கணுக்கால் வரை உப்புத் தண்ணீரில் நிற்கிறவர்கள் செருப்புப் போட்டால் ஏன் சரிப்படாது, வெயில் ஏறுவதற்குள் ஏன் முடிக்க வேண்டும், கண் கூசினால் என்ன செய்வார்கள், எல்லாம் வந்தது. நாற்பது நிமிடம். மைக் மூடியிருந்தது.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் பண்பாடு என்ற சொல்லைப் பயன்படுத்தியதில்லை. வேலையைப் பற்றிக் கேட்கிறேன். கையில் இருக்கும் பொருளைப் பற்றிக் கேட்கிறேன். பண்பாடு என்று கேட்டால் மனிதர்கள் மேடையில் ஏறிவிடுவார்கள், பள்ளிப் பாடத்தில் படித்ததையும் கட்சிக் கூட்டத்தில் கேட்டதையும் சொல்வார்கள். வேலையைக் கேட்டால் தங்களுக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்வார்கள். அந்த வேலைக்குள்தான் சாமியும் இருக்கிறது, சாப்பாடும் இருக்கிறது, பாட்டும் சண்டையும் சொந்தமும் இருக்கின்றன. மீனவரிடம் கடல் பண்பாட்டைக் கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன காத்துண்ணே?" என்று கேளுங்கள். வாடையா, கொண்டலா, சோழகமா, கச்சானா என்று ஆரம்பித்து, எந்தக் காற்றில் எந்த மீன் கரைக்கு வரும், எந்தக் காற்றில் பாடு இருக்காது, அதாவது வலையில் மீன் விழாது, அப்பா எதைப் பார்த்துக் காற்று மாறுவதைக் கண்டுபிடித்தார் என்று போகும். நடவு நடும் பெண்களிடம் நாட்டுப்புறப் பாடல் கேட்காதீர்கள். யார் முதல் நாற்று முடியை ஊன்றுவார்கள், ஏன் அவர், வரிசையில் பின்தங்கியவரை என்ன சொல்லிக் கிண்டல் செய்வார்கள் என்று கேளுங்கள். பாட்டு தானாக வரும். டீக்கடைக்காரரிடம் காலை நாலு மணிக்கு வரும் முதல் ஆள் யார் என்று கேளுங்கள். பேருந்து நடத்துநர், இஸ்திரி போடுகிறவர், நாதஸ்வரத்துக்குச் சீவாளி கட்டுகிறவர், பிரசவம் பார்த்த பாட்டி, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிடுகிறவர், பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். உங்கள் ஊரில் ஆயிரம் வீடு இருந்தால், இப்படிக் கணக்குப் போட்டால் பத்து ஆண்டுக்கு நிகழ்ச்சி இருக்கிறது. ஊரில் சொல்ல என்ன இருக்கிறது என்ற தயக்கத்துக்கு என் பதில் இதுதான்.

எப்போது போவது என்பதும் முக்கியம். வேலையில் இருப்பவரிடம் மைக் நீட்டினால் அவருக்குக் கூலி போகும். விசைப்படகு மீனவர்களுக்கு எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்போது வலை பின்னிக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருப்பார்கள், கை வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். ஒரு வருடத்துக்கு வேண்டிய கடல் பேச்சை அந்த இரண்டு மாதத்தில் எடுத்துவிடலாம். உப்பளத்துக்காரர்கள் ஐப்பசி கார்த்திகை மழையில் வீட்டில் இருப்பார்கள். அந்த மாதங்களில் கையில் காசும் இருக்காது என்பதை மறந்துவிடக் கூடாது, போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். வயல்காரர்களைத் தை அறுவடை முடிந்து களம் காய்ந்த பிறகு பிடிக்கலாம். திருவிழாவன்று யாரிடமும் பேட்டி எடுக்க முடியாது. வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம் என்றால், அதற்கு முன்பே நடந்து வருகிறவர்களுக்கு வழியில் கஞ்சி காய்ச்சுகிற வீடுகளுக்குப் போய்விடுங்கள். நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கும் அப்படித்தான், சந்தனக்கூடு ஊர்வலத்தை விட அந்தக் கூட்டைக் கட்டி அலங்கரிக்கிறவர் பேச்சில்தான் நிகழ்ச்சி இருக்கிறது.

இனி சொல்லப்போவது கசப்பானது. ஆனாலும் இதைத் தவிர்த்தால் என் பதில் நேர்மையாக இருக்காது. "நம்ம ஊர்" என்று சொல்லும்போது எந்த ஊர்? டெல்டாவில் குடியானத் தெரு ஒரு பக்கம், தலித் மக்கள் இருக்கும் தெரு ஒரு பக்கம். பெரிய கோயில் தேரை மட்டும் பேசி, தேரடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற தெருவைப் பேசாவிட்டால் பாதி ஊருக்கு உங்கள் வானொலி அடுத்த ஊர் வானொலிதான். தெலங்கானாவில் மாச்சனூர் என்ற சிற்றூரில் 2008இல் தலித் பெண்களே நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியது. யாரைப் பேச வைக்க வேண்டும் என்ற கேள்வியே அங்கே எழவில்லை, ஏனென்றால் மைக் அவர்கள் கையிலேயே இருந்தது. உங்கள் குழுவில் நான்கு பேர் இருந்தால் நாலு பேரும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது. நீங்கள் எவ்வளவு நல்ல மனதோடு போனாலும், உங்கள் தெருவைப் பார்த்துத்தான் அவர்கள் வாயைத் திறப்பார்கள் அல்லது மூடுவார்கள்.

அழைக்கும் முறையிலும் இது வெளிப்படும். வானொலி நிலையத்தில் எங்களுக்குத் திரு, திருமதி என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். ஊர் நிகழ்ச்சிக்கு அது ஒட்டாது. அக்கா, அண்ணே, ஆச்சி, பெரியப்பா என்று ஊரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே மைக்கிலும் கூப்பிடுவது நல்லது. ஒரு எச்சரிக்கை உண்டு. சில ஊர்களில் இருபது வயதுப் பையன் எழுபது வயதுப் பெரியவரைப் பெயர் சொல்லி, நீ வா போ என்று பேசுவான், அந்தப் பெரியவரும் பழகிப்போய் "சொல்லுங்க தம்பி" என்பார். அது நெருக்கத்தால் வந்த ஒருமை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். உங்கள் நிகழ்ச்சியில் எல்லாப் பெரியவர்களுக்கும் ஒரே மரியாதை இருக்க வேண்டும். நான் பார்த்ததில், கேட்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே கவனித்துவிடுகிறார்கள். ஒரு தெருவில் எங்களுக்குக் கதவு திறந்ததே, அவர்கள் வீட்டுத் தாத்தாவை "ஐயா" என்று கூப்பிட்டது ஒலிபரப்பான பிறகுதான்.

பாட்டு பதிவு செய்யும்போதும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பாரி நன்றாகப் பாடுவார் என்று கேள்விப்பட்டு வீட்டுக்குப் போய்ப் பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி பாடுவதைப் பல பெண்கள் அமங்கலமாக நினைக்கிறார்கள். மறுப்பார்கள், அல்லது உங்கள் முகத்துக்காகப் பாடிவிட்டு வாரம் முழுக்க மனக்கலக்கத்தோடு இருப்பார்கள். வயல் வரப்பிலோ ஆற்றங்கரையிலோ வைத்துக் கேட்டால் சிலர் பாடுவார்கள். தம்பி இறந்தபோது பாடியதைப் பாடும்போது நிஜமாகவே அழுகை வந்துவிடும். அப்போது பதிவை நிறுத்துங்கள். அழுகை நல்ல ஒலி என்று என்னிடம் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பதிவு செய்ததை ஒலிபரப்பும் முன் அவருக்கே போட்டுக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கருவியைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஒரு நடுத்தரக் கைப்பேசியும் அதில் செருகும் சாதாரண மைக்கும் போதும். பேசுகிறவர் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் ஓரமாக, நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். அவர் கையில் கொடுத்தால் மேடைப் பேச்சு வந்துவிடும். கடற்கரையில் காற்று மைக்கில் அடித்தால் எதுவும் மிஞ்சாது, பஞ்சு உறை இல்லாவிட்டால் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு காற்றுக்கு முதுகு காட்டி உட்காருங்கள். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் எடுத்து வையுங்கள். வெட்டி ஒட்டும்போது அதுதான் கைகொடுக்கும். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டிருப்பது. பேசுகிறவர் ஒரு வாக்கியத்தை முடித்ததும் அடுத்த கேள்விக்குத் தாவத் தோன்றும். தாவாதீர்கள். மூன்று மூச்சு விடும் நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருங்கள். அந்த இடைவெளிக்குப் பிறகு அவர் சொல்வதுதான் பெரும்பாலும் நிகழ்ச்சியின் உயிர். "ம்ம்", "ஆமாமா" என்று இடையில் சொல்வதையும் விட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டுங்கள். எனக்கு இது வர இரண்டு வருடம் ஆனது.

ஒரு மணி நேரத்தையும் ஒரே ஆளை வைத்து ஓட்ட வேண்டாம். ஞாயிறு மாலை வீட்டில் யாரும் உட்கார்ந்து ரேடியோ கேட்பதில்லை, மீன் ஆய்ந்துகொண்டோ பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டோ கேட்கிறார்கள். முக்கியமான பேச்சு இருபது நிமிடம், அதிகம் போனால் இருபத்தைந்து. முன்னும் பின்னும் ஊர் அறிவிப்புகள், நேயர்கள் அனுப்பிய குரல் பதிவுகள், யாராவது பாடிய பாட்டு. சினிமாப் பாட்டுக்கு உரிமைத் தொகை கட்ட வேண்டும், உங்கள் நிலையம் கட்டியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊர்க்காரர் பாடினால் அந்தப் பிரச்சினை இல்லை, அதோடு அவர் சொந்தக்காரர்கள் இருபது பேர் கட்டாயம் கேட்பார்கள். இந்த அறிவிப்புகளைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் கல்லணை தாண்டிக் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். அந்த நாட்களில் எங்கள் நிலையத்துக்கு வருகிற அழைப்புகளில் பாதி "தண்ணி எது வரைக்கும் வந்திருக்கு?" என்பதுதான். எந்த வாய்க்காலில் எந்தப் பாலம் வரை வந்தது என்று வாய்க்கால் தொடங்கும் தலைப்புப் பக்கம் இருக்கும் ஒரு நேயர் சொல்வார், அடுத்த நாள் அதற்குக் கீழே இருக்கும் ஊர்க்காரர் சொல்வார். தண்ணீரோடு சேர்ந்து குரலும் கிழக்கே நகர்ந்து வரும். என் பன்னிரண்டு ஆண்டில் நாங்கள் செய்த சிறந்த நிகழ்ச்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இத்தனைக்கும் இதை நாங்கள் திட்டமிடவே இல்லை.

விதிகளில் ஒன்றை மட்டும் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்பக் கூடாது, அகில இந்திய வானொலிச் செய்தியை மாற்றாமல் அப்படியே தரலாம். உள்ளூர் விளையாட்டு, திருவிழா, போக்குவரத்து, வானிலை, தேர்வு, வேலைவாய்ப்பு, மின்சாரம் தண்ணீர் பற்றிய அறிவிப்பு, உள்ளாட்சி தரும் பேரிடர், சுகாதார எச்சரிக்கை ஆகியவை செய்திக் கணக்கில் வராது, தாராளமாகப் பேசலாம். சிக்கல் எங்கே வரும் என்றால், உப்பளத்து அம்மா கூலியைப் பற்றிப் பேசும்போது வரும். அது அவர் வாழ்க்கை, அதை வெட்டினால் பேச்சுக்கு அர்த்தமில்லை. நான் அவர் தன் அனுபவமாகச் சொல்வதை வைத்துக்கொள்வேன், இன்ன முதலாளி இன்ன கட்சி என்று பெயர் வந்தால் எடுத்துவிடுவேன். இது என் நிலையத்தில் நாங்கள் வகுத்துக்கொண்ட வழக்கம்தான், சட்டம் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துச் சொல்லவில்லை. உங்கள் நிலையப் பொறுப்பாளரோடு முன்கூட்டியே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். ஒலிபரப்பியதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதும் விதி. நான் மூன்று மாதத்தோடு நிறுத்த மாட்டேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் அலைவீச்சு குறுகியது, 100 வாட் என்றால் தரையும் கோபுர உயரமும் பொறுத்துச் சுற்றிலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர். இது குறை மாதிரி தோன்றும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் மேல்தான் கரை ஏறியது. தென்னை, கூரை, மின்கம்பம் எதுவும் மிச்சமில்லை. எங்கள் கோபுரமும் வளைந்துவிட்டது. வாடகை ஜெனரேட்டரோடு திரும்ப ஒலிபரப்பு தொடங்கியபோது பல ஊர்களில் இன்னும் மின்சாரம் வரவில்லை, கைப்பேசிக்கு மின்னேற்ற வழியில்லை, பேட்டரி போட்ட பழைய ரேடியோக்கள் பரணிலிருந்து இறங்கியிருந்தன. எந்தச் சாலையில் மரம் வெட்டியாகிவிட்டது, எந்தப் பள்ளிக்கூடத்தில் டாக்டர் வந்திருக்கிறார், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்பதை மட்டும் நாள் முழுக்கச் சொன்னோம். இதைச் சென்னையிலிருந்து யாரும் சொல்ல முடியாது, சொன்னாலும் மற்ற ஊர்களுக்கு அது வெறும் இரைச்சல். ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த நாட்களில் மக்கள் எங்கள் குரலை நம்பினார்கள் என்றால், அதற்கு முன் ஆறு ஆண்டுகள் அந்தக் குரல் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பலகையையும் வலையையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது, எண்ணம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் நான் அடக்கித்தான் பேச வேண்டும். இப்படிப்பட்ட நிகழ்ச்சியால் அழியும் கலைகள் காப்பாற்றப்படும் என்று விண்ணப்பங்களில் எழுதுவார்கள், நானும் எழுதியிருக்கிறேன். வானொலியில் பேசியதால் ஒரு கூத்துக் குழுவுக்கு இரண்டு ஊரில் கூடுதலாக வாய்ப்பு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குழுவை நடத்துகிறவர் மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போவதை அது நிறுத்தவில்லை. கலை பிழைப்பது கூலியைப் பொறுத்தது, நாம் அதில் ஒரு சின்னப் பங்கு. இன்னொன்று, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற கணக்கு. அழைப்புகளையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் எண்ணி அதுதான் நேயர்கள் என்று முடிவு கட்டாதீர்கள். கைப்பேசி சொந்தமாக வைத்திருப்பவரும் கூச்சமில்லாதவரும்தான் அழைப்பார்கள், அதில் ஆண்களே அதிகம். எங்களுக்கு அழைப்பே வராத ஒரு தெருவுக்குப் போனபோது, குழாயடியில் நின்ற பெண்கள் முந்தின வாரப் பேச்சை வரிக்கு வரி சொன்னார்கள். மாதம் ஒரு நாள் ரேடியோ எங்கே ஒலிக்கிறது என்று காலால் நடந்து பாருங்கள். தையற்கடை, சலூன், சைக்கிள் கடை, ரேஷன் வரிசை. அதைவிட நல்ல கணக்கெடுப்பு உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. முதல் நிகழ்ச்சி ஒலிபரப்பாவதற்கு முன் குறைந்தது ஆறு பதிவாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் ஓடி ஓடி எடுத்தால் மூன்றாவது மாதம் யாராவது கட்சிக்காரரையோ கடைக்காரரையோ ஸ்டூடியோவுக்கு வரவழைத்து நேரத்தைத் தள்ளுவீர்கள், அதோடு நிகழ்ச்சி முடிந்துவிடும். விளம்பரம் மணிக்கு 12 நிமிடம் வரை போடலாம் என்று 2024இல் உயர்த்தியிருக்கிறார்கள். ஊர்ப் பாத்திரக்கடையும் விதைக் கடையும் தருவார்கள், ஆனால் விளம்பரம் தந்தவரையே விருந்தினராகக் கூப்பிடாதீர்கள்.

மூன்று மாதம் பற்றிச் சொன்னேன். எங்கள் முதல் இரண்டு ஆண்டுப் பதிவுகளை, இடம் போதவில்லை என்று ஒரு கணினியிலிருந்து அழித்துவிட்டோம். நானும் சரி என்று சொன்னவன்தான். போன ஆண்டு ஒரு பெண் நிலையத்துக்கு வந்தார். அவருடைய அப்பா தோணி கட்டும் ஆசாரி, எங்களிடம் பேசியிருக்கிறார், இறந்து நாலு வருடம் ஆகிறது, வீட்டில் அவர் குரல் எதிலும் இல்லை, இங்கே இருக்குமா என்று கேட்டார். இல்லை. ஆகவே இரண்டு தனித்தனி வன்தட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று நிலையத்தில், இன்னொன்று வேறு யார் வீட்டிலாவது. ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, தெரு, வேலை, பேசியவர் பெயர் வைத்துத் தமிழிலேயே பெயரிடுங்கள். வெட்டாத முழுப் பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். பேசியவர் வீட்டுக்கு ஒரு பிரதியைக் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.